கந்தளாயில் கடல் இல்லை

இதை எழுத வேண்டும் என்று நினைக்கத் தொடங்கி ஏழு வருடமாகிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் புதுக் கொப்பி ஒன்று வாங்குவேன். குளித்துவிட்டு வந்து முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடுவேன். பிறகு பேனையை மூடி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவேன். அடுத்த கிழமை அந்தக் கொப்பியை என் மகள் பாடசாலைக்குக் கொண்டு போய்விடுவாள். இப்படி அவளுடைய விஞ்ஞானம், வரலாறு, சித்திரம் எல்லாம் பிள்ளையார் துணையோடுதான் நடந்தன. (சித்திரத்தில் மட்டும் அவர் கைவிட்டுவிட்டார்.)

எழுத்து வராதது ஒரு காரணம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு பட்டறையில் ஃபைபர் வள்ளங்களுக்கு ஓட்டை அடைப்பது என் தொழில். ஆனால் பெரிய காரணம் அதுவல்ல. தான் ஒரு மடையன் என்று ஒருவன் தானே எழுதிக் கையெழுத்து வைப்பது லேசான காரியமில்லை. அதற்கும் ஒரு துணிவு வேண்டும். அது இந்த வருடம்தான் வந்தது.

முதலில் தேவன் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் என் மனைவி புவனாவின் அண்ணன். நான் அவரையும் அவர் என்னையும் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் கிரிக்கெட் கழகத்தின் தலைவர். பத்து வருடத்துக்கு மேலாகத் தலைவராக இருந்தும் ஒரு கிண்ணத்தைக் கூடத் தூக்கியதில்லை. இரண்டு முறை இறுதியாட்டம் வரை போனோம். இரண்டு முறையும் கந்தளாய் அணி எங்களை எங்கள் மண்ணிலேயே அடித்துவிட்டுப் போனது. அதற்குள் மச்சானுக்கு வயது நாற்பத்து மூன்றாகி, வலது முழங்காலும் போய்விட்டது. அவர் கதிரையிலிருந்து எழும்பினால் கதிரை முனகுகிறதா, கால் முனகுகிறதா என்று தெரியாது.

அந்த வருடமும் இறுதியாட்டத்துக்குத் தெரிவானோம். எதிரணி மறுபடியும் கந்தளாய்தான். கழகக் கூட்டத்தில் குகன் என்ற இளம் ஆட்டக்காரன் எழும்பி நேராகவே சொல்லிவிட்டான்.

"அண்ண, கோவிக்காதேங்கோ. இந்த முறையும் கிண்ணம் வரேல்லையெண்டா தலைமைய வேற ஆளிட்டக் குடுங்கோ."

"சரியடா தம்பி. தோத்தா நானே மட்டையை ஆணியில கொழுவிவிட்டுப் போறன். நீயே எடுத்து நடத்து" என்று மச்சான் சிரித்தார். அந்தச் சிரிப்பு உதட்டைத் தாண்டவில்லை.

அன்று வீட்டில் புவனா சோற்றைப் போட்டுவிட்டுப் போகாமல் நின்றாள்.

"என்ர அண்ணனுக்கு இந்தக் கிரிக்கெட்டை விட்டா வேற ஒரு சந்தோசமும் இல்ல. உங்களால ஏதும் செய்ய ஏலாதோ?"

என்னால் என்ன செய்ய ஏலும்? எனக்கு விளையாடத் தெரியாது. பந்து என்னை நோக்கி வந்தால் கண்ணை மூடிக் கும்பிடுகிற ஆள் நான். அதனால்தான் கழகத்தில் என்னை ஓட்டம் பதிகிறவனாக மேசையில் இருத்தியிருந்தார்கள். ஆனால் என்னிடம் ஒன்று இருந்தது. அதுதான் என்னைக் கெடுத்தது.

தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஒரு துடுப்பாட்டக்காரன் பந்துகளை எந்தெந்தப் பக்கம் அடித்தான் என்று ஒரு வட்டத்துக்குள் கோடு கோடாகக் காட்டுவார்கள். அதைப் பார்த்து ஆசைப்பட்டு நானும் ஆறு வருடமாக அப்படியே வரைந்து வந்தேன். பெரிய சீ.ஆர். கொப்பி ஒன்றில் தேத்தண்ணிக் கோப்பைக்கு அடியில் வைக்கிற பீரிஸைக் கவிழ்த்து வட்டம் போடுவேன். ஆளுக்கு ஒரு வட்டம். அவன் அடித்த ஒவ்வொரு அடிக்கும் ஒரு கோடு. யாரும் கேட்கவில்லை. யாரும் பார்க்கவுமில்லை. புவனா மட்டும், "பீரிஸ் விளிம்பெல்லாம் நீலமாக் கிடக்கு. வாற ஆக்களுக்குத் தேத்தண்ணி குடுக்கிறதோ, மை குடுக்கிறதோ?" என்று கேட்பாள்.

அந்தக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனேன். கந்தளாய் அணியின் றிஸ்வானுடைய பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். இரண்டு இறுதியாட்டத்தையும் எங்களிடமிருந்து பறித்தவன் அவன்தான். அவனுடைய வட்டத்தில் ஒரு பாதி முழுக்கத் தும்புத்தடி நார் மாதிரி அடர்ந்த கோடுகள். மற்றப் பாதி வெள்ளை வெளேர்.

(கிரிக்கெட் தெரியாதவர்களுக்கு: வலது கையால் அடிக்கிறவன் பக்கவாட்டில் நிற்பான். அவன் முகம் பார்க்கிற பக்கம் ஓஃப் சைட். முதுகுப் பக்கம் லெக் சைட். இந்தக் கதைக்கு இவ்வளவும் போதும்.)

மச்சான் கண்ணாடியைப் போட்டார். கழற்றினார். மறுபடி போட்டார்.

"மச்சான், இவன் ஓஃப் சைட்டில அடிக்கிறதே இல்லையோ?"

"ஆறு வருசத்தில ஒரு கோடு இல்ல."

"ஒண்டு கூட?"

"நீங்களே பாருங்கோ."

"இதை வச்சுக்கொண்டு இவ்வளவு நாளும் என்ன செய்தனீ?"

"நீங்கள் கேக்கேல்லையே, மச்சான்."

அந்த நிமிடத்தில் எனக்கு வந்த பெருமையை இறைவன் மன்னிக்க வேண்டும். கலியாணமாகிப் பதினான்கு வருடத்தில் மச்சான் முதல் முறையாக உள்ளே திரும்பி, "இவருக்கு முட்டை ஒண்டு பொரியுங்கோ" என்று சத்தம் போட்டார்.

திட்டம் அங்கேயே முடிவானது. றிஸ்வான் ஆட வந்தால் எட்டுப் பேர் லெக் சைட்டில் நிற்பார்கள். ஓஃப் சைட்டில் பெயருக்கு ஒருவன். அந்த ஒருவன் குகன். (அது மச்சானின் சொந்த யோசனை. கொப்பிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

எனக்கு எதையும் கடவுளிடம் காட்டாமல் செய்து பழக்கமில்லை. புதிதாக ஒரு வள்ளத்துக்கு ஓட்டை அடைத்தாலும் கும்பிட்டுவிட்டுத்தான் தொடங்குவேன். ஆகவே ஆட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அர்ச்சனைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழத்தோடு அந்தக் கொப்பியையும் வைத்துக்கொண்டு பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். மச்சானும் கழகத்துப் பெடியள் எல்லோரும் பின்னால் நின்றார்கள்.

"யாருடைய பேருக்கு?" என்றார் ஐயர்.

"கழகத்தின்ர பேருக்கு, ஐயா."

"நட்சத்திரம்?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். "தொடங்கின அண்டைக்கு நல்ல மழை, ஐயா" என்றார் மச்சான்.

ஐயர் பெருமூச்சு விட்டுவிட்டு சுவாமி பேருக்கே அர்ச்சனை செய்தார். கொப்பியைப் பிள்ளையாரின் காலடியில் வைத்து, மேலே ஒரு செவ்வரத்தம்பூவும் வைத்துத் திருப்பித் தந்தார். அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட போது பெடியள் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். என் எட்டாம் வகுப்புக் கையெழுத்தைக் கும்பிட்டார்கள்.

இனி எங்கள் சொந்த மைதானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது சாம்பல்தீவுக் கடற்கரையில் இருக்கிறது. ஒரு முனையில் வள்ளங்களை இழுத்து வைத்திருப்பார்கள். அதனால் எப்போதும் மற்ற முனையிலிருந்துதான் பந்து போடலாம். அடிக்கிறவனின் முகத்துக்கு நேரே கடல். முதுகுக்குப் பின்னால் ஊர். பந்தைக் கடலுக்குள் அடித்தால் அவுட். அதோடு விடமாட்டார்கள், அடித்தவனே நீந்திப் போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு வர வேண்டும். எங்கள் அப்பாக்கள் காலத்துச் சட்டம் அது. மூச்சு விடுவதைப் பற்றி யோசிக்காத மாதிரி அதைப் பற்றியும் நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

அந்த வருடம்தான் கந்தளாய்க்காரர், "எப்பவும் நாங்கதானே வாற. இந்த முறை நீங்க வாங்க" என்று இறுதியாட்டத்தைத் தங்கள் பக்கம் வைத்தார்கள். கோயில் வாசலில் இருந்தே, வாடகைக்குப் பிடித்த வானில் ஏறினோம். நான் விபூதியும் வேட்டியுமாக முன் சீட்டில், மடியில் கொப்பி. மச்சான் வழி முழுக்கத் தன் முழங்காலைத் தடவிக்கொண்டே வந்தார்.

கந்தளாய் மைதானம் வட்டமாக, பச்சையாக, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. நல்ல மைதானம் என்று மட்டும் நினைத்தேன்.

ஆட்டம் பத்து ஓவர். நாங்கள் முதலில் ஆடி எண்பத்தேழு ஓட்டம் எடுத்தோம். மோசமில்லை. அவர்கள் ஆடத் தொடங்கி மூன்று ஓவருக்குள் இரண்டு விக்கெட் விழுந்தது. மச்சான் மைதானத்தில் இருந்தே என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நாலாவது ஓவருக்கு றிஸ்வான் வந்தான். மச்சான் கையைத் தட்டினார். எங்கள் ஆட்கள் எட்டுப் பேரும் பஸ்ஸைப் பிடிக்கப் போவது போல ஒரே பக்கமாக நடந்தார்கள். குகன் மட்டும் மற்றப் பக்கத்தில், நடுக்காட்டில் இறக்கிவிட்ட ஆள் மாதிரி நின்றான்.

மேசையில் எனக்குப் பக்கத்தில் கந்தளாய் அணியின் ஓட்டம் பதிகிறவர் இருந்தார். ஓய்வு பெற்ற மாஸ்டர். மிகவும் மரியாதையான மனிதர்.

"இதென்ன தம்பி, ஃபீல்டிங் புது மாதிரி இருக்கே?"

"அது ஒரு கணிப்பு, மாஸ்டர்" என்றேன். (கணிப்பு!)

முதல் பந்து. றிஸ்வான் ஓஃப் சைட்டில் தட்டினான். நாலு ஓட்டம்.

தற்செயல் என்று நினைத்தேன்.

இரண்டாவது பந்து. அதே பக்கம். நாலு. குகன் ஓடிப் போய், எல்லைக்கு வெளியே பந்தை எடுத்து எறிந்துவிட்டு இடுப்பில் கையை வைத்தான்.

மூன்றாவது பந்தும் அதே பக்கம் போனது. முதல் இரண்டு அடிக்கும் கோடு போட மறந்திருந்த நான் இப்போதுதான் கொப்பியைத் திறந்தேன். பேனை வட்டத்தின் வெள்ளைப் பாதிக்குள் முதல் முறையாகப் போனது. அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்தேன். இவ்வளவு வெள்ளையாக இந்தப் பாதி ஏன் கிடந்தது? ஆறு வருடம் ஏன் ஒருவனும் இந்தப் பக்கம் அடிக்கவில்லை? வேறு ஆட்களின் பக்கங்களை அவசர அவசரமாகப் புரட்டினேன். வலது கைக்காரர் எல்லோருடைய வட்டத்திலும் அதே பாதி வெள்ளை.

அது கடல்.

றிஸ்வானின் பலவீனத்தை நான் வரைந்து வைக்கவில்லை. சாம்பல்தீவுக் கடலைத்தான் ஆறு வருடமாகப் பீரிஸுக்குள் வரைந்து வைத்திருக்கிறேன். கந்தளாயில் கடல் இல்லை. இதை எட்டாம் வகுப்பில் நின்ற நானும் அறிவேன். குளம் இருக்கிறது, அதுவும் மைதானத்துக்கு எட்டாத தூரத்தில்.

நியாயமாக என்ன செய்திருக்க வேண்டும்? எழும்பிப் போய், "மச்சான், பிழைச்சுப் போச்சு, ஆக்களை மாத்துங்கோ" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வசனம்தான். அந்த ஒரு வசனத்துக்கு என் நாக்கு எழும்பவில்லை. பொரித்த முட்டை ஞாபகம் வந்தது. கும்பிட்ட பெடியள் ஞாபகம் வந்தார்கள். ஓட்டம் பதிகிறவன் மேசையை விட்டு எழும்பக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் சொல்லிக்கொண்டேன்.

எழும்புவதற்குப் பதிலாகப் பிரார்த்தனை செய்தேன். "அப்பனே பிள்ளையாரே, இவனை லெக் சைட்டில அடிக்க வை. உன்ர காலடியில வச்ச கொப்பியப்பா." ஒரு மனிதனிடம் போய் ஒரு பிழையை ஒப்புக்கொள்வதை விட, கடவுளிடம் போய் இன்னொரு மனிதனின் கையை மாற்றச் சொல்வது எனக்கு லேசாக இருந்தது. பிள்ளையார் அசையவில்லை. றிஸ்வானும் அசையவில்லை. ஓஃப் சைட்டில் நாலு, இரண்டு, நாலு.

"அண்ண!" என்று குகன் தூரத்திலிருந்து கத்தினான். "இந்தப் பக்கம் நான் மட்டும்தான் குடியிருக்கிறன்! ஒரு துணைக்கு ஆளனுப்புங்கோ!"

"நில்லடா! கொப்பி பிழைக்காது!" என்று மச்சான் திருப்பிக் கத்தினார்.

பக்கத்தில் மாஸ்டர் ஒரு பிஸ்கட்டை நீட்டினார். "சாப்பிடுங்க தம்பி. உங்க கணிப்பு எப்ப வேலை செய்யும்?" அவர் நக்கலாகக் கேட்கவில்லை, அறிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டார். அதுதான் இன்னும் சுட்டது. பிஸ்கட்டை வாங்கிக் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

நாலாவது ஓவர் முடிந்தது. ஐந்தாவது முடிந்தது. ஆறாவதும் முடிந்தது. நான் இருந்தேன். இருந்து, வெள்ளைப் பாதியில் வடிவாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

ஏழாவது ஓவரின் முதல் பந்துக்கு முன்னால் மச்சான் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். அதற்கு மேல் ஏலவில்லை. பேனையை எறிந்துவிட்டு எழும்பி ஓடினேன். பந்து போடத் தொடங்கிவிட்டார்கள் என்பதை நான் கவனிக்கவில்லை. ஓஃப் சைட் பக்கமாக, ஒரு கையில் கொப்பி, மறு கையில் வேட்டித் தலைப்பு, "மச்சான், கடல்! மச்சான், கடல்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். றிஸ்வான் அடித்த பந்து நேராக வந்து என் விலாவில் 'டப்' என்று பட்டு அந்த இடத்திலேயே விழுந்தது.

அன்று ஓஃப் சைட்டில் ஒரு பந்தைத் தடுத்து நிறுத்திய ஒரே ஆள் நான்தான்.

நடுவர் ஓடி வந்தார். "வெளியாள் உள்ளுக்க வந்தது பிழை. நாலு ஓட்டம்" என்று கையை ஆட்டினார். ஆக, அதுவும் பயனில்லை.

மச்சான் நொண்டிக்கொண்டு வந்தார். "என்ன மச்சான்? என்ன கடல்?"

"இஞ்ச கடல் இல்ல, மச்சான்!"

"கந்தளாயில கடல் இல்லையெண்டு சொல்லவோ ஓடி வந்தனீ?"

"எங்கட கிரவுண்டில கடலுக்குப் பயந்துதான் அவன் அந்தப் பக்கம் அடிக்கிறேல்ல. இஞ்ச அடிப்பான். ஆக்களை மாத்துங்கோ!"

மச்சான் என் நெற்றி விபூதியைப் பார்த்தார். கொப்பியைப் பார்த்தார். "சாமியிட்ட வச்சனீதானே?"

"வச்சனான்."

"அப்ப பிழைக்காது. நீ பயந்து போனாய். போய் இருந்து தண்ணி குடி."

"சாமி ஆசீர்வதிச்சது கொப்பியை, மச்சான். என்ர மூளையை இல்ல!"

அவர் கேட்கவில்லை. ஊரில் ஓட்டை அடைக்கிறவன் என்று பேர் எடுத்தவன் நான். அரை மைதானத்தைத் திறந்து விட்டுவிட்டு விலாவைத் தடவிக்கொண்டு மேசைக்குத் திரும்பினேன். மாஸ்டர் எனக்காக அந்த நாலு ஓட்டத்தையும் பதிந்து வைத்திருந்தார்.

கடைசி ஓவரை மச்சானே போட்டார். யாரிடமும் கொடுக்க அவருக்கு மனமில்லை. ஒவ்வொரு பந்துக்கும் அவர் கால் ஊன்றியபோது நான் பல்லைக் கடித்தேன். ஐந்து பந்து போனது. கடைசிப் பந்தில் அவர்களுக்கு இரண்டு ஓட்டம் வேண்டும். றிஸ்வான் நின்றான். குகன் புல்லில் அப்படியே குந்திவிட்டான். "அண்ண, என்ர ரெண்டு காலும் போயிட்டுது" என்று அவன் சொன்னது மேசை வரை கேட்டது.

மச்சான் பந்தை உருட்டிக்கொண்டு வெகு நேரம் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இரண்டு கையாலும் ஓஃப் சைட்டைக் காட்டினேன். கும்பிட்டேன். அவர் தலையை ஆட்டினார். லெக் சைட்டில் இருந்து நாலு பேரை ஓஃப் சைட்டுக்கு மாற்றினார்.

றிஸ்வான் லெக் சைட்டில் அடித்தான். மாற்றாமல் விட்டிருந்தால் ஒருவன் நின்றிருக்கக்கூடிய சரியான அந்த இடத்தால் பந்து போய் எல்லையைத் தொட்டது.

ஆட்டம் முடிந்து எல்லோரும் கை கொடுக்கும்போது றிஸ்வான் என்னிடம் வந்தான். "அண்ணன், நோகுதா? அந்தப் பந்துக்கு மன்னிச்சுக்கங்க. அது சரி, ஏன் எல்லாரையும் ஒரு பக்கமா வெச்சீங்க?"

கொப்பியைக் காட்டினேன். அவன் தன் வட்டத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

"உங்கட கிரவுண்டுல அந்தப் பக்கம் அடிச்சா நீந்தணுமே அண்ணன். எனக்கு நீச்சல் தெரியா. குளத்துல கூட முழங்காலுக்கு மேல எறங்க மாட்டன்."

"அப்ப கடைசிப் பந்து?"

"ஆளில்லாத பக்கம் அடிச்சன். வேற என்ன?"

ஆறு வருடக் கொப்பிக்கு அவன் சொன்ன விளக்கம் மூன்று சொல்.

திரும்பும் வழியில் வானுக்குள் நான் கொப்பியை மடியில் கவிழ்த்து வைத்திருந்தேன். குகன் ஒருமுறை, "அந்தக் கொப்பி..." என்று தொடங்கினான்.

"கொப்பி ஒண்டும் செய்யேல்ல. ஃபீல்ட் வச்சது நான்" என்றார் மச்சான். "அதோட, நான் சொன்ன சொல்லு சொன்னதுதான். நாளையில இருந்து நீ நடத்து தம்பி."

அன்று பின்னேரமே அவர் மட்டையை ஆணியில் கொழுவினார். புவனா அடுப்பில் வைத்திருந்த பாயசத்தை யாரும் கேட்காமலே இறக்கி அயல் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "விலாவுக்கு எண்ணெய் போடட்டோ?" என்றாள். சுவாமியில் எந்தக் குறையும் இல்லை என்று அன்றே கோயிலில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் நான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. "இந்த பஸ் ஒரு நாளும் பிந்தாது" என்றால் மகள், "அப்பா, கடல் எந்தப் பக்கம்?" என்பாள். மச்சானின் மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தபோது நான் விசாரித்துவிட்டு வந்து, "நல்ல குடும்பம், ஒரு குறையும் இல்ல" என்றேன். புவனா உடனே கேட்டாள்: "எந்த கிரவுண்டில நல்லவை?" கலியாண வீட்டில் கதிரை போட நான் போனால், "மச்சானைத் தனிய விடாதேங்கோ, எல்லாத்தையும் ஒரே பக்கம் போட்டுடுவார்" என்று தேவன் மச்சானே சத்தம் போடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஆனால் சபையில் இந்தக் கதையை அவர் சொல்லும்போது இப்படி முடிப்பார்: "பிழையைக் கண்டவுடன மனுசன் வேட்டியோட ஓடி வந்தவர். நான்தான் கேக்கேல்ல."

கண்டவுடன் நான் ஓடவில்லை. அந்த மூன்று ஓவரை அவர் அறிந்திருக்கவில்லை. புவனாவும் அறியமாட்டாள். ஏழு வருடம் அந்தப் புகழைச் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கோயில் கிணற்றடியில் கால் கழுவும்போது அவரிடம் சொல்லிவிட்டேன். வாளித் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"அந்த மூண்டு ஓவரில எத்தனை ஓட்டம் போனது?"

"முப்பத்து நாலு, மச்சான்."

"ம்" என்றார். முழங்காலைத் தடவினார். மீதித் தண்ணீரையும் காலில் ஊற்றினார். கழுவின காலையே மறுபடியும் கழுவினார்.

"எழுதப் போறன் எண்டு ஏழு வருசமாச் சொல்லிறாய். எழுது. ஓடினதை மட்டும் எழுதாத, இருந்ததையும் எழுது" என்றார். பிறகு வாளியை என் கையில் தந்துவிட்டு, "வா, பூசைக்கு மணி அடிக்குது" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு படி ஏறினார்.

அதனால் வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், சிரிக்கச் சிரிக்கச் சொல்லுங்கள். ஆனால் என்னை நல்லவனாக்க வேண்டாம். மூன்று ஓவரை இரண்டாகக் குறைக்க வேண்டாம். நான் சும்மா இருந்தேன் என்பதையும், அவர் என் தோளில் கை வைத்தார் என்பதையும் இருந்தபடியே சொல்லிவிடுங்கள்.